நிலம் மலிவு, வீடும் மலிவா? சென்னைச் செலவையும் ஊர்ச் செலவையும் ஒப்பிடும் முழு வழிகாட்டி

"மெட்ராஸ்ல ஒரு சென்ட் வாங்குற காசுக்கு ஊர்ல ஒரு தோட்டமே வாங்கிப் போடலாம்." எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் காதில் விழும் பேச்சு இது. நிலத்தைப் பொறுத்தவரை பேச்சில் தப்பே இல்லை. ஆனால் நாம் குடியிருக்கப்போவது நிலத்தில் இல்லை, வீட்டில். சிமெண்டும் கம்பியும் டைல்ஸும் கிராமம் என்று பார்த்து விலையைக் குறைத்துக்கொள்வதில்லை. சென்னையா ஊரா என்ற கணக்கைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

இந்த வழிகாட்டியில் ஒரே குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். கணவன், மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். தேவை இரண்டு படுக்கையறை வீடு. ஒரு பக்கம் சென்னையின் தென்புறநகர், மறுபக்கம் கோவில்பட்டியை அடுத்த ஒரு கரிசல்காட்டுக் கிராமம். விலை, வாடகை, வட்டி எல்லாம் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்ட மாதிரித் தொகைகள். உங்கள் தெரு விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், வழிமுறை அதேதான். ஒரு நோட்டும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: அளவை ஒன்றாக்குங்கள்

சென்னையில் மனையைச் சதுர அடியிலும் கிரவுண்டிலும் சொல்வார்கள், ஊரில் சென்ட். தஞ்சைப் பக்கம் போனால் குழி, மா. பட்டாவைக் கையில் வாங்கினால் அதில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். இவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் விலை பேசாதீர்கள்.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்ட். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். தஞ்சைக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, அது கிட்டத்தட்ட 33 சென்ட். குழி மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அதனால் குழிக் கணக்கில் யாராவது விலை சொன்னால் "உங்க குழி எத்தனை சதுர அடி?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கிராமத்தில் சென்ட் 1.5 லட்சம் என்றால் சதுர அடி 344 ரூபாய். புறநகரில் மனை சதுர அடி 6,000 என்றால் சென்ட் 26 லட்சத்துக்கு மேல், கிரவுண்ட் 1 கோடியே 44 லட்சம். வித்தியாசம் 17 மடங்கு. இந்த 17 மடங்கைப் பார்த்துத்தான் பலரும் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் பெட்டி கட்ட நினைக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் வேறொரு அளவுச் சிக்கல். விளம்பரத்தில் 1,000 சதுர அடி என்று இருப்பது படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதைப் பங்கு எல்லாம் சேர்த்த சூப்பர் பில்ட்-அப். உள்ளே பாய் விரித்துப் படுக்கக்கூடிய கார்பெட் ஏரியா 740 சதுர அடி அளவில்தான் நிற்கும். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கார்பெட் ஏரியாவை பில்டர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். சதுர அடி 6,500 ரூபாய் வீதம் 65 லட்சம் கொடுத்தால், உள்ளே நிற்கும் ஒவ்வொரு சதுர அடிக்கும் நீங்கள் கொடுப்பது 8,784 ரூபாய். ஊரில் சொந்தமாகக் கட்டும் வீட்டோடு ஒப்பிட வேண்டிய எண் இதுதான். கூடவே யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் கழித்துக் கட்டடம் தேய்ந்த பிறகு உங்கள் கையில் மிஞ்சுவது அது ஒன்றே.

படி 2: சொல்லும் விலையையும் நடந்த விலையையும் பிரியுங்கள்

புரோக்கர் சொல்வது ஆசை விலை. பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரச் செலவைக் கணக்கிட அரசு வைத்திருக்கும் மதிப்பைப் பாருங்கள். அதே தளத்தில் பக்கத்து சர்வே எண்களுக்கும் வில்லங்கத்தைத் தேடுங்கள், அண்மையில் நடந்த கிரயங்கள் எந்தத் தொகைக்குப் பதிவாகியிருக்கின்றன என்பது வரிசையாக வரும். கிராமத்தில் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பத்திரம் போடும் பழக்கம் இருப்பதால், அங்கே தெரிவதைக் கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். புரோக்கர் விலை மேல் எல்லை. பேரம் இரண்டுக்கும் நடுவில்.

வழிகாட்டி மதிப்பில் ஒரு வரலாறு இருக்கிறது. 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்குப் போனது, பதிவுக் கட்டணம் 2 சதவீதமாக இறங்கியது. ஆகவே 2017-க்கும் 2023-க்கும் இடையே போட்ட பத்திரத்தைக் காட்டி "அப்ப இவ்வளவுதானே" என்று வாதாடினால் எடுபடாது.

படி 3: வாடகையின் உண்மைத் தொகை

புறநகரில் இரண்டு படுக்கையறை வீட்டு வாடகை 18,000 என்று வைப்போம். மெயின்டனன்ஸ் 2,500. ஆறு மாத அட்வான்ஸ் 1,08,000. அந்தப் பணம் வைப்புநிதியில் கிடந்தால் 7 சதவீதத்தில் மாதம் 630 ரூபாய் வரும். வீட்டுக்காரரிடம் கிடப்பதால் வராது, ஆக அதுவும் செலவு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீடு மாறினால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகைப் பிடித்தம், சாமான் ஏற்றும் வண்டிக்கு 12,000. மொத்தம் 48,000, இதை 36 மாதத்துக்குப் பங்கிட்டால் 1,333.

கூட்டுங்கள்: 22,463 ரூபாய். வாயில் 18,000 என்று சொல்லும் வீடு கையில் இப்படித்தான் விழுகிறது. வருஷா வருஷம் ஏறும் 5 சதவீதமோ 10 சதவீதமோ தனி.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. ஆனால் "ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளாதவரை" என்ற அந்த வால்தான் நடைமுறையில் வீட்டுக்காரருக்குக் கை கொடுக்கிறது. கையெழுத்துக்கு முன்னால் பேசிக் குறைப்பதுதான் வழி.

மதுரையிலும் தெற்கத்தி ஊர்களிலும் ஒத்தி வீடு உண்டு. சென்னையில் இதையே லீஸ் என்பார்கள். மொத்தமாக 6 லட்சம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. இலவசம் போலத் தோன்றும். 6 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி மாதம் 3,500, அதுதான் உங்கள் வாடகை. அதே தெருவில் வாடகை 6,500 போகிறது என்றால் ஒத்தி லாபம். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கத்தில் பார்க்காமலும் ஒத்தியைப் பத்திரமாகப் பதியாமலும் பணம் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம். வீட்டுக்காரர் தவணை கட்டத் தவறினால் வங்கி வீட்டைச் சீல் வைக்கும், உங்கள் 6 லட்சத்துக்கு நீங்கள் நீதிமன்றப் படி ஏறவேண்டி வரும்.

கிராமத்துக்குள் வாடகை வீடு கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் கழிப்பறை வெளியே தனியாக இருக்கும். ஊர்ப்பக்கம் வாடகையை ஒப்பிடுகிறவர்கள் தாலுகா தலைநகரை எடுத்துக்கொள்வதுதான் சரி. கோவில்பட்டி நகருக்குள் நம் குடும்பத்துக்கு 6,500 ரூபாயில் வீடு என்று வைத்துக்கொள்வோம்.

படி 4: சென்னையில் வாங்கினால்

கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி வீடு, 65 லட்சம். கார் பார்க்கிங் 3 லட்சம். அடிப்படை 68. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, 3.4 லட்சம். கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. சதுர அடிக்கு 200 ரூபாய் அதிகம் சொன்னாலும் முடிந்த வீடு மலிவாக விழுவது இதனால்தான்.

பதிவுச் செலவு: 2023 டிசம்பர் 1 முதல் புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனையில் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் முத்திரைத் தீர்வை. 50 லட்சம் வரை 4 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 5, அதற்கு மேல் 7. எல்லாவற்றுக்கும் இதோடு பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேரும். நம் கணக்கில் 7 சதவீதம், 4.76 லட்சம். அலமாரி, கிச்சன், மின்விசிறி, கிரில் என்று கைக்காசு 4 லட்சம்.

மொத்தம் 80.16 லட்சம்.

படி 5: ஊரில் கட்டினால்

ஐந்து சென்ட், 33-க்கு 66 அடி மனை. சென்ட் 1.5 லட்சம் வீதம் 7.5 லட்சம். மனைக்குத் தீர்வை 7, கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை, இங்கே 7,500 ரூபாய் மிச்சம். சலுகை இல்லாமல் கணக்குப் போட்டால் மனை கையில் வரும்போது 8.18 லட்சம்.

வீடு 1,000 சதுர அடி. கான்ட்ராக்டர் மெட்டீரியலோடு சதுர அடி 2,300 சொல்கிறார் என்றால் 23 லட்சம்.

இதே கட்டுமானம் சென்னையில் எவ்வளவு குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கும் என்று பிரித்துப் பாருங்கள். 1,000 சதுர அடி வீட்டுக்குப் பொதுவான கணக்கு 400 மூட்டை சிமெண்ட், 4 டன் கம்பி. மூட்டைக்கு 10 ரூபாய் மலிவாகக் கிடைத்தாலும் மிச்சம் 4,000 ரூபாய்தான். எம்-சாண்டுக்கும் ஜல்லிக்கும் கிரஷர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதே விலை. கூலி கட்டுமானச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஊரில் கூலி 20 சதவீதம் குறைவு என்றாலும் மொத்தத்தில் 6, 7 சதவீதம்தான் குறையும். அதிலும் டைல்ஸ், பிளம்பிங், எலக்ட்ரிகல் ஆட்கள் டவுனிலிருந்து வருவார்கள், பெட்ரோல் காசு உங்கள் தலையில். ஆக நிலத்தில் 17 மடங்கு வித்தியாசம், சுவரில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அடுத்து, சதுர அடி விலைக்குள் வராதவை. இவற்றை ஒதுக்கிவைக்காமல் வேலையைத் தொடங்கியவர்கள்தான் ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் பணம் தீர்ந்து நகையை அடகு வைக்கிறார்கள்.

அஸ்திவாரம்: கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை வெயிலில் கரிசல் நிலத்தில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருப்பதைப் பார்த்தால் புரியும், வீட்டுக்கு அடியிலும் அதே ஆட்டம்தான் வருஷா வருஷம் நடக்கிறது. செம்மண் தரையில் போடுவது போல மூன்றடிக்கு வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம் தோண்டிக் கல் வைத்துக் கட்டினால், இரண்டாவது மழைக்கே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் ஓடும். பூசி அடைத்தாலும் அடுத்த கோடையில் அதே இடத்தில் திறக்கும். மனையில் ஒரு மூலையில் குழி வெட்டிப் பார்த்து, கரிசல் எத்தனை அடிக்கு ஓடுகிறது, கெட்டித் தரை எங்கே வருகிறது என்று அளக்க வேண்டும். கெட்டித் தரைவரை இறக்கிக் காலம் பூட்டிங், மேலே பிளிந்த் பீம், குழியைச் சுற்றித் தோண்டிய கரிசலையே போட்டு மூடாமல் கிராவல் நிரப்புவது. கரிசல் ஆழமாக இருந்தால் அடிப்பகுதி அகன்ற பைல் அஸ்திவாரம் வரைக்கும் பொறியாளர் சொல்வார். பேஸ்மட்டத்தைச் சாலையைவிட உயர்த்தி நிரப்புவதற்கும் சேர்த்து 2.5 லட்சம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

போர்வெல், கேசிங், மோட்டார் 1.6 லட்சம். தண்ணீர் விழாவிட்டாலும் துளைபோட்ட காசு திரும்பாது. செப்டிக் டேங்க் 80,000. சுற்றளவு 198 அடிக்குக் காம்பவுண்ட் சுவரும் கேட்டும் 2.5 லட்சம். பிளான் அனுமதி, தற்காலிக மின் இணைப்பு, நிரந்தர இணைப்பு எல்லாம் சேர்த்து 80,000. இவை 8.2 லட்சம். அலமாரி முதலியவை 2 லட்சம்.

மொத்தம் 41.4 லட்சம். 17 மடங்கு மலிவு என்று ஆரம்பித்தது, முடிவில் பாதி விலையில் வந்து நிற்கிறது.

கான்ட்ராக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டியது: போர்ட்டிகோ, படிக்கட்டுக் கூண்டு, மேல்நிலைத் தொட்டி இவற்றைச் சதுர அடிக் கணக்கில் முழுதாகச் சேர்க்கிறாரா, பாதியா, செங்கல் சேம்பரா நாட்டுச் செங்கலா, டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை அவர் கணக்கு. கடைசிக் கேள்விக்குப் பதில் 40 ரூபாய் என்று வந்து, நீங்கள் கடையில் 70 ரூபாய் டைல்ஸைக் கைகாட்டினால் வித்தியாசம் உங்களுடையது.

அனுமதி விஷயத்தில் "தலைவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கினாப் போதும்" என்ற பேச்சு பழசு. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் 3,500 சதுர அடி வரையிலான தரைத்தள வீட்டுக்கும் தரையோடு முதல்தளம் உள்ள வீட்டுக்கும் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி. நம் 2,178 சதுர அடி மனை இதற்குள் வந்துவிடுகிறது.

மனைப் பத்திரத்தில் மட்டும் அவசரம் கூடாது. டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதியில்லாத மனைப்பிரிவு என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவானதா, வரன்முறை செய்யப்பட்டதா என்று பாருங்கள். நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம் என்றால் நத்தம் பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். கிராம நிலப் பதிவேடான ஏ-ரெஜிஸ்டரில் புறம்போக்கு, கோயில் நிலம், பஞ்சமி (பட்டியலின மக்களுக்கு ஒதுக்கிய நிலம்) என்று ஏதாவது வந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் எழுந்து வந்துவிடுங்கள். அந்த மலிவுக்குக் காரணமே அதுதான்.

படி 6: கடன்

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும் வங்கி தரலாம். பத்திரச் செலவை இந்த மதிப்பில் சேர்க்க முடியாது. சென்னை வீட்டுக்கு 68-ல் 80 சதவீதம், 54.4 லட்சம் கடன். மீதி 25.76 லட்சம் கையிலிருந்து. 8.5 சதவீதம், 20 வருஷம் என்றால் தவணை 47,210. முதல் வருஷம் கட்டும் 5.66 லட்சத்தில் 4.58 லட்சம் வட்டிக்கே போகும்.

ஊர் வீட்டுக்கு 90 சதவீதம் என்பது காகிதத்தில். நடைமுறையில் கிராமத்து மனை என்றால் வங்கி மதிப்பீட்டாளர் விலையை இறக்கிப் போடுவார், சில வங்கிகள் நத்தம் மனையைத் தொடவே தயங்கும், வீட்டுக்கடன் நிறுவனங்களுக்குப் போனால் வட்டி கூடும். 24 லட்சம், 9.5 சதவீதம் என்று வைத்தால் தவணை 22,371. கைக்காசு 17.4 லட்சம்.

ஊரில் குடிசையில் இருக்கும், சொந்த மனையுள்ள ஏழைக் குடும்பம் என்றால் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை விசாரியுங்கள். 2024-ல் தொடங்கியது, 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம். நாம் எடுத்த குடும்பத்துக்கு இது பொருந்தாது.

படி 7: மாதாமாதம் ஓடும் செலவு

தண்ணீரும் மின்சாரமும்தான் இரண்டு இடத்திலும் ஏமாற்றும். சென்னையில் வாடகை வீட்டில் சப் மீட்டர் வைத்து வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கினால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்குக் கிடைக்காது. தனி ஈபி இணைப்பு இருக்கும் வீட்டுக்கு 500 ரூபாய் வாடகை கூடக் கொடுக்கலாம். கோடையில் லாரித் தண்ணீர் இறங்கும் அடுக்குமாடியில் மெயின்டனன்ஸ் மார்ச் முதல் ஜூலை வரை தனிக் கணக்கு, சென்னை தண்ணீருக்குத் தவித்த 2019 கோடையை நினைத்துப் பார்த்தால் போதும். அசோசியேஷனிடம் கடந்த வருஷத்து மே மாத ரசீதைக் கேளுங்கள். ஊரில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிக்கக் கேன் வாங்க வேண்டும், ஹீட்டரும் குழாயும் சீக்கிரம் உப்புப் பூத்துப்போகும். கூட்டுக் குடிநீர்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், புரோக்கரிடம் அல்ல.

போக்குவரத்தில் ஊர் மலிவு என்று எண்ணுவார்கள். சென்னையில் சீசன் டிக்கெட்டும் பஸ்ஸும் இருக்கும். கிராமத்தில் டவுன் பஸ் நேரம் தப்பினால் வண்டிதான். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணமில்லை, மாவட்டங்களிலும் உண்டு. ஆனால் அந்தப் பஸ் உங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு எத்தனை நடை வருகிறது என்பதுதான் கேள்வி.

சென்னையில் இருப்பவர் ஊருக்குப் போய்வரும் செலவையும் வீட்டுச் செலவில்தான் சேர்க்க வேண்டும். வருஷத்துக்கு மூன்று தடவை, நாலு பேர், ஒவ்வொரு தடவையும் 12,000 என்றால் மாதம் 3,000. ரயிலில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளிக்கு நெல்லை, முத்துநகர் எக்ஸ்பிரஸ்களில் அன்றைக்குக் காலை எட்டு மணிக்குத் தவறவிட்டால் ஆம்னி பஸ்தான், அதுவும் கிளாம்பாக்கம் வரைக்கும் ஆட்டோ கொடுத்துப் போய்.

படி 8: நான்கு வழிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள்

இங்கே ஒரு விதி. தவணைத் தொகையைச் செலவாக எழுதாதீர்கள். அதில் அசல் உங்கள் சொத்தாகிறது, வட்டி மட்டுமே செலவு. அதேபோல் கைக்காசும் இலவசம் அல்ல, அதற்கு 7 சதவீத வைப்புநிதி வட்டியை இழக்கிறீர்கள்.

சென்னை வாடகை: வீடு 22,463, மின்சாரமும் தண்ணீரும் 2,500, வேலைக்குப் போய்வர 3,000, பள்ளி வேன் 2,000, ஊர்ப் பயணம் 3,000. மொத்தம் 32,963.

சென்னை சொந்த வீடு: முதல் மாத வட்டி 38,533, கைக்காசின் இழந்த வட்டி 15,027, மெயின்டனன்ஸ் 2,500, சொத்துவரி 500, மற்றவை மேலே சொன்ன 10,500. மொத்தம் 67,060.

கிராமத்தில் கட்டிய வீடு: வட்டி 19,000, கைக்காசின் வட்டி 10,150, பராமரிப்பு 2,000, மின்சாரம் 1,200, பெட்ரோலும் பஸ்ஸும் 3,000, பள்ளி வேன் 2,500, கேன் தண்ணீர் 600. மொத்தம் 38,450.

கோவில்பட்டி நகரில் வாடகை: 6,500, அட்வான்ஸ் வட்டி 175, மின்சாரம் 1,200, போக்குவரத்து 2,000, வேன் 1,500, தண்ணீர் 600. மொத்தம் 11,975.

சென்னையில் வாடகைக்கு இருப்பதைவிட ஊரில் கடன் வாங்கிக் கட்டியிருப்பதற்கு மாதம் ஐயாயிரத்து ஐநூறு ரூபாய் அதிகமாகிறது! நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், திரும்பக் கூட்டிப் பாருங்கள். சென்னையில் வீட்டு விலையோடு ஒப்பிட்டால் வாடகை வருஷத்துக்கு 2, 3 சதவீதம்தான்; கடன் வட்டி எட்டரை. அதனால்தான் இப்படி. மலிவு என்று ஒன்று இருந்தால் அது சிறுநகர வாடகையில் இருக்கிறது, கிராமத்தில் புதிதாகக் கட்டுவதில் இல்லை.

விலை ஏற்றத்தைச் சேர்க்கலாமே என்பார்கள். சேர்ப்போம். சென்னை வீடு வருஷம் 4 சதவீதம் ஏறினால் மாதம் 22,667 கழியும், செலவு 44,393 ஆகும். கிராமத்தில் 6 சதவீதமே ஏறினாலும் அது 7.5 லட்சம் மனைக்கு மட்டும், மாதம் 3,750. மேலே நிற்கும் 23 லட்சத்துக் கட்டடத்துக்கு விலை கொடுத்து வாங்க கிராமத்தில் ஆள் வருவது அபூர்வம், வருகிறவரும் மனை விலையைத்தான் பேசுவார்.

ஊரில் பூர்வீக வீடு பங்கு பிரிந்து உங்கள் பெயரில் இருக்கிறதென்றால் இந்தக் கணக்கே மாறும். பழுதுபார்க்க 5 லட்சம் செலவழித்தாலும் அதன் வட்டி மாதம் 3,000-க்குள். பங்கு பிரியாமல், பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும் வீட்டில் மட்டும் ஒரு மூட்டை சிமெண்டுகூட இறக்காதீர்கள்.

படி 9: வருமானத்தைப் பக்கத்தில் வையுங்கள்

சென்னை வாடகைக்கும் கோவில்பட்டி வாடகைக்கும் இடைவெளி மாதம் 20,988. ஊர் மாறினால் கைக்கு வரும் சம்பளம் இதைவிடக் குறைவாக இறங்கினால் லாபம், கூடுதலாக இறங்கினால் நஷ்டம். மனைவியும் சென்னையில் வேலை பார்க்கிறார் என்றால் அந்தச் சம்பளத்தையும் எழுதுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பழைய வருமானவரி முறையில் வீட்டுவாடகைப் படிக்கான விலக்கு சென்னையில் அடிப்படைச் சம்பளத்தின் 50 சதவீதம் வரை, கோவில்பட்டியில் 40. புதிய முறையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடலாம்.

குடும்பம் ஊரில், குடும்பத் தலைவர் மட்டும் சென்னையில் என்ற ஏற்பாடு சிக்கனம் போலத் தோன்றும். சாப்பாட்டோடு தங்கும் விடுதி 7,500, மாதம் இரண்டு தடவை ஊருக்கு 1,600, அவசரத்துக்குத் தட்கலும் ஆம்னியும் தனி. ஊர் வாடகைக் கணக்கோடு சேர்த்தால் 21,000 பக்கம். சென்னை வாடகையைவிட 12,000 குறைவுதான். ஆனால் மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பார், அதற்கு விலை போட வேண்டியது அந்தக் குடும்பம்.

நடுவழியும் உண்டு: மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு. வாடகை இறங்கும், மின்சார ரயில் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை ஸ்டேஷனுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பக்கம். தினமும் மூன்று மணி நேரம் கூடுதலாகப் போனால் மாதம் 24 வேலை நாளில் 72 மணி நேரம், எட்டு மணி வேலைக் கணக்கில் ஒன்பது நாள். வாடகையில் மிஞ்சும் தொகையை 72-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 70 ரூபாய்தான் வருகிறது என்றால், அந்தக் கூலிக்கு நீங்கள் ரயிலில் நிற்பீர்களா?

படி 10: கட்டுவதற்கு முன் குடியிருந்து பாருங்கள்

முடிவெடுத்த பிறகும் உடனே அஸ்திவாரம் தோண்டாதீர்கள். முதலில் டவுனில் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி ஒத்துப்போகிறதா, ராத்திரி காய்ச்சல் என்றால் மருத்துவர் எத்தனை நிமிடத்தில், வீட்டிலிருந்து வேலை என்றால் இணையம் மழையில் நிற்கிறதா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். சென்னை வீட்டைக் காலி செய்வதற்கு முன் மே மாதத்தில் ஒரு வாரம், ஐப்பசி மழையில் ஒரு வாரம் அந்தக் கிராமத்தில் போய்த் தங்குங்கள். மேயில் மோட்டார் போட்டால் தண்ணீர் எத்தனை நிமிடம் விடாமல் வருகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். மழையில் பள்ளி வேன் உங்கள் மனை வாசல் வரை வருகிறதா, கரிசல் சேற்றுக்குப் பயந்து தார் ரோட்டிலேயே நின்று ஹாரன் அடிக்கிறதா என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.